குளிரை எண்ணும் மொட்டுகள்

டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் ஒரு செர்ரி மரம் இருக்கிறது. மார்ச் மாத நடுவில் அதைச் சுற்றிக் கூட்டம் சேரும், தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்து நிற்கும். வானிலைத் துறை அலுவலர் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கிளை கிளையாகப் பூக்களை எண்ணுவார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால், டோக்கியோவில் செர்ரி பூத்துவிட்டதென்று அறிவிப்பார். நான்குதான் இருக்கிறதா? மறுநாள் வரவேண்டும்.

சுமார் 1.4 கோடிப் பேர் வாழும் மாநகரத்துக்கு ஒரு மரத்தின் ஐந்து பூ எப்படிச் சாட்சியாகும்? ஆகும். ஏனென்றால் அந்த நகரத்துச் செர்ரிகளில் பெரும்பாலானவை ஒரே மரம்தான்.

அந்த வகையின் பெயர் சோமேய் யோஷினோ. எடோ காலத்தின் கடைசியில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், இன்றைய டோக்கியோவின் கோமாகோமே பகுதியில் இருந்த சோமேய் என்ற கிராமத்து நாற்றுக்காரர்கள் இதை விற்கத் தொடங்கினார்கள். எடோஹிகான், ஓஷிமா என்ற இரண்டு செர்ரிகளின் கலப்பு இது. இலை வருமுன் பூக்கும் பழக்கம் முதலாவதிடமிருந்தும், பெரிய பூ இரண்டாவதிடமிருந்தும் வந்தன. கிளையில் பச்சையே தெரியாமல் பூவாக நிற்கும் அந்தக் காட்சி இந்தக் கலப்பின் பலன். ஆனால் இதன் பூ தன் மகரந்தத்தையே தான் ஏற்காது. பக்கத்து மரமும் அதே மரத்தின் நகல் என்பதால் அதன் மகரந்தத்தையும் ஏற்காது. ஆற்றங்கரை முழுக்கப் பூத்துக் கொட்டியும் பழம் காண்பது அரிது. விதை போட்டுப் பெருக்க வழியில்லை. ஒட்டுமாங்கன்று கட்டுவதுபோல் கிளையை ஒட்டுக்கட்டித்தான் 150 ஆண்டுக்கும் மேலாகப் பெருக்கி வருகிறார்கள். எனவே ஒரே வெயிலும் ஒரே குளிரும் பட்டால் எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே நாளில் பூக்கும்.

சரி, அந்த நாளை மரம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? வசந்தம் வந்து வெயில் ஏறியதும் பூத்துவிடும் என்றுதான் தோன்றும். அது கணக்கில் பாதிதான். எனக்கு மிகவும் பிடித்தது மற்ற பாதி.

பூவின் மொட்டு முந்தைய கோடையிலேயே, ஜூலை ஆகஸ்டில், உருவாகிவிடுகிறது. அப்போது வெயிலுக்கும் நீருக்கும் குறைவில்லை. ஆனாலும் மொட்டு விரியாது. நாள் சுருங்கத் தொடங்கும்போது இலைகளில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து மொட்டுக்குப் போய்ச் சேர்கிறது. மொட்டு தடித்த செதில்களால் தன்னை மூடிக்கொண்டு உறக்கத்துக்குப் போகிறது. இந்த ஏற்பாட்டில் இலையின் பங்கு எவ்வளவு என்பது 2018-இல் ஊரறியத் தெரிந்தது. அந்த ஆண்டு பலத்த புயல் காற்றும் அது அள்ளிவந்த கடல் உப்பும் இலைகளை முன்கூட்டியே உதிர்த்துவிட்டன. உறக்கச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த வெதுவெதுப்பான நாட்களை வசந்தம் என்று நம்பி, ஜப்பானின் பல ஊர்களில் அக்டோபரிலேயே செர்ரி பூத்தது. அப்படி விரிந்த மொட்டு போனது போனதுதான். வசந்தத்தில் அது மறுபடி விரியாது.

உறங்கும் மொட்டை எழுப்புவது வெயில் என்று நினைக்கிறோம், எழுப்புவது குளிர். 5 டிகிரியை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் பட்டால்தான் உறக்கத்தைக் காவல் காக்கும் மரபணுக்கள் மெல்ல அடங்கும். ஜனவரியில் இரண்டு நாள் வெயிலடித்தால் ஏமாந்து பூத்து, பனியில் கருகாமல் இருக்க மரம் வைத்திருக்கும் பாதுகாப்பு இது. பிளம்ஸும் பீச்சும் செர்ரிக்கு நெருங்கிய சொந்தம். அவை கொடைக்கானலிலும் ஊட்டியிலும் காய்த்து, மதுரையில் காய்க்காமல் இருப்பதற்கும் இந்தக் குளிர்க்கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

குளிர்க்கணக்கு முடிந்தபிறகுதான் வெப்பக்கணக்கு தொடங்கும். இதற்கு ஜப்பானில் ஓர் எளிய வாய்பாடு உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். இன்று 11, நாளை 13 என்றால் 24. இப்படிக் கூட்டி 600 தொடும் நாளையொட்டி டோக்கியோவில் பூ விரியும். பள்ளிப் பிள்ளைகூடப் போடக்கூடிய கூட்டல், ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்துகிறது.

இரண்டு கணக்கும் சேர்ந்து நடப்பதால் சில விசித்திரங்கள் உண்டு. ககோஷிமா டோக்கியோவைவிட வெகு தெற்கே உள்ள, வெப்பமான ஊர். அங்கே முதலில் பூக்க வேண்டும் அல்லவா? 1991 முதல் 2020 வரையான சராசரிப்படி டோக்கியோவில் மார்ச் 24, ககோஷிமாவில் மார்ச் 26. தெற்கின் குளிர்காலம் போதிய குளிரைத் தராததால் மொட்டு தாமதமாக விழிக்கிறது. ஜப்பானின் தென்கோடித் தீவுகளான ஒகினாவாவில் இன்னும் வேடிக்கை. அங்கே ஜனவரியில் பூப்பது அடர்சிவப்பு நிறமுள்ள வேறொரு செர்ரி. மற்ற இடங்களில் பூக்காலம் தெற்கிலிருந்து வடக்கே நகரும். இங்கே வடக்கிலிருந்து தெற்கே, மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக்கு நகர்கிறது. குளிர் எங்கே முதலில் எட்டுகிறதோ அங்கே முதல் பூ.

டோக்கியோவில் 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14-ஆம் தேதியே பூத்துவிட்டது. புவி சூடாவதோடு, கான்கிரீட்டும் தாரும் பகல் வெப்பத்தை இரவுக்கும் சேமித்துவைப்பதால் நகரத்து மரத்தின் கூட்டல் வேகமாக ஏறுகிறது. பழைய தலைநகரான கியோட்டோவில் 812-ஆம் ஆண்டு தொடங்கிப் பழைய நாட்குறிப்புகளிலிருந்தும் அரசவைக் குறிப்புகளிலிருந்தும் திரட்டிய பூக்கால வரிசை ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது மலைச்செர்ரி. 2021-இல் கியோட்டோவில் முழுப் பூப்பு மார்ச் 26 அன்று வந்தது; அதுவரை அந்த வரிசையில் மிக முந்தியது 1409-இன் மார்ச் 27. 600 ஆண்டுகள் நின்ற எல்லை அது. அதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வெப்பம் ஏற ஏறப் பூ முந்திக்கொண்டே போகும் என்பதும் உறுதியில்லை. குளிர்காலமே வலுவிழந்தால் மொட்டு தாமதமாக, ஒழுங்கில்லாமல் விழிக்கும். ஒரே நாளில் ஊரே வெளுக்கும் அந்த அதிசயம் அங்கேதான் உடையும்.

முதல் பூவிலிருந்து 80 சதவீதம் விரிய ஏறக்குறைய ஒரு வாரம். அதற்குப்பின் இன்னொரு வாரம் தாங்கினால் அதிகம். இடையில் குளிர் திரும்பினால் நல்லது, பூ நீடிக்கும். டோக்கியோவின் சிதோரிகாஃபுச்சி அகழிக்கரையிலோ மெகுரோ ஆற்றங்கரையிலோ நிற்க வாய்த்தால், பூவை அருகில் போய்ப் பாருங்கள். நடுப்பகுதி வெளிறி இருந்தால் புதுப்பூ, சிவந்திருந்தால் உதிரப்போகிறது. இதழ்கள் தனித்தனியாக மிதந்து விழும். ஒரு பூ முழுசாக, பம்பரம்போல் சுழன்று விழுந்தால் மேலே பாருங்கள், சிட்டுக்குருவி இருக்கும். அதன் குட்டை அலகுக்குப் பூவின் வாய்வழியே தேன் எட்டாது. அடியில் கடித்து உறிஞ்சிவிட்டுப் பூவை எறிந்துவிடும்.

ஏப்ரல் தொடக்கத்தில் தண்ணீரின்மேல் இதழ்கள் திட்டுத்திட்டாக மிதக்கும். அதைப் பூத்தெப்பம் என்று பொருள்படும் சொல்லால் ஜப்பானியர்கள் அழைக்கிறார்கள். அதன்பிறகு மரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஜூலை வெயிலில் அந்த நிழலில் ஒதுங்குபவர் தலைக்குமேல், இலைக்காம்பின் இடுக்குகளில் அடுத்த வசந்தத்தின் பூ கடுகளவு மொட்டாகத் திரளத் தொடங்கியிருக்கும்.