மாசிக்குப் பேர்போன தீவில் பிள்ளை ஏன் வளரவில்லை?

கொழும்புப் புறக்கோட்டையில் மாசிக் கருவாடு வாங்கும்போது இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்போம். கட்டை போலச் சத்தம் வந்தால் நன்றாகக் காய்ந்த சரக்கு. சூரை மீனை உப்புநீரில் அவித்து, புகைபிடிக்க வைத்து, வெயிலில் நாட்கணக்காக உலர்த்துவதால் வரும் இறுக்கம் அது. தண்ணீர் போனபின் எஞ்சுவதில் பெரும்பகுதி புரதம். புரதத்தின் கூறுகளில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, மீனில் தாராளமாக உண்டு. அதனால்தான் சோறும் மாசிச் சம்பலும் அவ்வளவு நல்ல சோடி.

மாசிக்குப் பேர்போன மாலைதீவு, உலகில் ஆளுக்கு மிக அதிகமாக மீன் உண்ணும் நாடுகளில் ஒன்று. அப்படியிருந்தும் 2009இல் அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. மீனுக்குக் குறைவில்லாத வீட்டில் இது எப்படி? காரணத்தில் ஒரு பங்கு கிணற்றில் கிடக்கிறது.

மாலைதீவு போன்ற முருகைக்கல் (பவளப்பாறை) தீவுகளில் ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் பாரம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சின்னத் தீவில் அந்த 1 மீற்றரே நிற்காது. கடலின் வற்றுப்பெருக்கு வேறு உப்பைக் கலந்துவிடும். அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவர்த்துப்போகும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. மணலில் நீர் விரைந்து இறங்குவதால் மலசலகூடக் குழியின் கசிவும் வடிபடாமல் அதே வில்லையில் போய்ச் சேரும். 1978இல் மாலைதீவில் வாந்திபேதி பரவியது.

அடிக்கடி வயிற்றோட்டம் கண்ட பிள்ளையின் சிறுகுடலில் சடைமுளைகள் எனும் விரல்போன்ற நுண்முளைகள் தேய்ந்து மட்டமாகிவிடும். உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதான். தின்ற மீன் முழுதாக உடம்பில் சேராது. சேர்ந்ததிலும் ஒரு பங்கு கிருமியோடு போராடுவதற்கே போய்விடும். பிள்ளை சாப்பிடுவதில்லை என்று தாயைக் குறை சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கும்.

இன்னொரு பங்கு சட்டியில். சூரையின் சதையில் விற்றமின் ஏ சொற்பம். அது ஈரலிலும், முழுதாக உண்ணும் சில சிறுமீன்களிலும்தான் நிறைய உண்டு. நெத்தலியை எலும்போடு தின்றால் கல்சியமும் கிடைக்கும், பெரிய மீனின் முள்ளையோ எறிந்துவிடுகிறோம். சுண்ணாம்பு மணலில் பயிர்கள் இரும்பை எடுக்க முடியாமல் மஞ்சளித்துப்போகும். கப்பலில் வரும் கீரை வழியிலேயே வாடும், அரிசியும் மாவும் சீனியும் வாடாது.

அந்த மணலிலும் முருங்கை நிற்கும். மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிப்புளி சேர்த்துப் பிசையும் மாலைதீவின் காலை உணவான மாஸ் ஹுனியில் கீரை நறுக்கிப் போடுவதும் உண்டு. உடலில் விற்றமின் ஏ ஆக மாறும் கீரையின் கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். தேங்காய் அதைத் தருகிறது. கீரையிலுள்ள இரும்பு குடலிலிருந்து உடம்பில் சேர மீனும் தேசிப்புளியும் கைகொடுக்கின்றன.