சானிடைசர்: கிருமிநாசினியா, தொற்றுநீக்கியா?

வன்னியில் கிருமிநாசினி என்றால் கையில் பூசும் திரவம் யாருக்கும் நினைவுக்கு வராது. நெல்லுக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர். 2020இல் கொரோனா வந்தபோது கடை வாசல்களில் வைத்த சானிடைசர் போத்தலையும் சிலர் கிருமிநாசினி என்றே எழுதத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் அந்தச் சொல்தான் நிறைய வந்தது. நகரத்து வாசகருக்கு அது பரவாயில்லை. பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ வயல் செய்கிற வீட்டில் இரண்டு போத்தலும் இருக்கும். ஒன்று கையில் பூசுவது, மற்றது தோலில் படவே கூடாதது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது ஆபத்து.

சொல்லின் வேரைப் பார்த்தாலும் விவசாயிகள் பக்கம்தான் நியாயம். வடமொழியில் கிருமி என்றால் புழு, பூச்சி. நாசினி என்றால் அழிப்பது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது.

சானிடைசரின் வேர் வேறு. லத்தீனில் ‘சானுஸ்’ என்றால் நோயில்லாதவர். அதிலிருந்து வந்த ‘சானித்தாஸ்’ என்பது நாங்கள் "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்கிறோமே, அந்தச் சுகம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை வினைச்சொல்லாக்கியது. சனட்டோரியமும் இதே குடும்பம்தான். ஆக, மூலச்சொல்லில் கொல்வதும் இல்லை, கழுவுவதும் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கை சுத்திகரிப்பான்’ என்கிறார்கள். ஆனால் சானிடைசர் அழுக்கை அகற்றாது. நாற்று நட்டுவிட்டு வருகிற கையில் அதை ஊற்றினால் சேறு சேறாகவே இருக்கும், மதுசாரமும் கிருமியைச் சரியாக எட்டாது. அந்தக் கைக்குச் சவர்க்காரமும் கிணற்றுத் தண்ணீரும்தான் வேண்டும். ‘கை கழுவும் திரவம்’ என்றால் அது வேறு பொருள். பூசியபின் தண்ணீரில் அலச வேண்டும். இலங்கையில் சுகாதாரத் துறையினர் புழங்குகிற ‘தொற்றுநீக்கி’ செய்கிற வேலையைச் சொல்கிறது. தரை துடைக்கும் மருந்துக்கும் அதே சொல் என்பதால் முன்னால் ‘கை’ சேர்த்துக் கைத்தொற்றுநீக்கி என்பதே என் தெரிவு. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் சானிடைசர் என்றே சொல்லுங்கள். எழுத்தில் இது இருக்கட்டும்.

தொற்றை நீக்குவது அதிலுள்ள மதுசாரம். பாடப்புத்தகத்தில் அற்ககோல் என்று படித்தது. குறைந்தது 60 வீதம் இருக்க வேண்டும். சாராயம் அந்த அளவை எட்டாது. கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சினவருக்கே தெரியாது. அதேநேரம் 100 வீதமும் உதவாது. கிருமியின் புரதம் சிதைய ஓரளவு தண்ணீரும் தேவை.

உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் ஒரு லீற்றருக்கு 96 வீத எதனோல் 833 மில்லிலீற்றர், 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு சுமார் 42, கிளிசரின் 14.5, மிச்சத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர். கலந்தபின் 72 மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். பேரொட்சைட்டு கைக்காக அல்ல, போத்தலுக்குள் இருக்கக்கூடிய பக்டீரியா வித்துகளை அழிப்பதற்கு. வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. மருந்துக்கடையில் 70 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் 500 மில்லிலீற்றர் வாங்கி, ஒன்றரைத் தேக்கரண்டி கிளிசரின் விட்டு நன்றாகக் குலுக்கினால் போதும். மதுசாரத்தின் வீதம் ஏறக்குறைய 69 ஆக இருக்கும். மதுசாரம் தோலின் எண்ணெயை எடுத்துவிடும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் வெடிக்காமல் இருப்பது அதனால்தான். ஏற்கெனவே வெடித்த கையானால் சுள்ளென்று எரியும். புண் ஆறும்வரை சவர்க்காரமே நல்லது.

தோலுக்கு நல்லதென்று பலர் முற்றத்துக் கற்றாழையைச் சுரண்டிப் போடுகிறார்கள். அந்த மதுசாரத்தில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கற்றாழைச் சோறு போட்டால் 70 வீதம் 47க்கு இறங்கிவிடும். வாசனையும் வழுவழுப்பும் இருக்கும், வேலை நடக்காது. தோலை ஒட்டி வடிகிற மஞ்சள் பால் சிலருக்குக் கடிக்கவும் செய்யும்.

வாங்கும்போது லேபிளில் எந்த மதுசாரம் என்று இருக்கிறதா பாருங்கள். மெதனோல் நஞ்சு, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பெயின்ற் கடை ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். செய்ததைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். அடுப்பங்கரையிலும் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். போத்தலில் ‘கைத்தொற்றுநீக்கி, மதுசாரம் 69 வீதம், குடிக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டி, வயல் மருந்து இருக்கிற தட்டில் இல்லாமல் வேறொரு உயரமான இடத்தில் வையுங்கள்.