கம்பியே இல்லாத ஈதர்நெட்: மெய்நிகர் கணினியோடு ஹோஸ்ட் எப்படிப் பேசுகிறது?

“விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போட்டிருக்கிறேன். அதற்குள் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் என் லேப்டாப்பிலிருந்து அதை பிங் செய்தால் பதிலே இல்லை, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) ஓட்டும் மென்பொருள். வெளியே இருக்கும் நிஜக் கணினிதான் ஹோஸ்ட், இங்கே அது அவருடைய லேப்டாப். பிங் என்பது “இருக்கிறாயா?” என்று கேட்டு பதிலுக்குக் காத்திருக்கும் சோதனை. முதலில் அவருடைய உபுண்டுவின் (உள்ளே ஓடும் லினக்ஸ் இயங்குதளம்) ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண்ணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது 10.0.2.15 ஆகத்தான் இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தேர்ந்தெடுக்கும் என்.ஏ.டி. (முகவரியை மாற்றி அனுப்பும்) முறையில் எல்லோருக்கும் கிடைப்பது அதே எண்தான். உள்ளிருந்து கிளம்பும் பாக்கெட்டை (தரவுப் பொட்டலத்தை) விர்ச்சுவல்பாக்ஸ் வாங்கி, தானே இணைப்பைத் திறந்து, உங்கள் லேப்டாப் அனுப்பியது போல வெளியே அனுப்புகிறது. 10.0.2.15 என்று ஒருவர் இருப்பதே ஹோஸ்டுக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்து பிங் செய்தால் அது வேறெங்கோ போய்த் தொலைகிறது.

தீர்வு எளிது: அமைப்பில் இரண்டாவது அடாப்டராக (நெட்வொர்க் கார்டாக) ‘ஹோஸ்ட்-ஒன்லி’யைச் சேருங்கள். ஹோஸ்டும் மெய்நிகர் கணினிகளும் மட்டும் பேசிக்கொள்ளும் தனி நெட்வொர்க் அது. ஹோஸ்டுக்கு வழக்கமாக 192.168.56.1 கிடைக்கும், உபுண்டுவுக்கு அதே வரிசையில் இன்னொரு எண். இணையத்துக்கு முதல் அடாப்டர், ஹோஸ்டோடு பேச இரண்டாவது.

சரி, கம்பியே இல்லாத இடத்தில் இரண்டு கணினிகள் எப்படிப் பேசுகின்றன? எனக்கு அலுக்காத பகுதி இதுதான். விர்ச்சுவல்பாக்ஸ் இதற்குச் சொந்த டிரைவர் வைத்திருக்கிறது. மெய்நிகர் கணினிகளை ஓட்ட லினக்ஸிலேயே இருக்கும் கே.வி.எம். முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால் அதையே பார்ப்போம்.

அங்கே ‘டேப்’ என்றொரு மெய்நிகர் நெட்வொர்க் கார்டு உண்டு. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதை உண்மையான கார்டாகவே நடத்துகிறது. ஆனால் அதன் மறுமுனையில் இருப்பது ஒரு சாதாரண நிரல். ஒரு கோப்பைப் படிப்பது போல அந்த நிரல் டேப்பைப் படித்தால் ஒரு முழு ஈதர்நெட் ஃபிரேம் (கம்பி வழி நெட்வொர்க்கில் ஓடும் தரவுப் பொதி) கைக்கு வரும். எழுதினால், வெளியிலிருந்து ஒரு ஃபிரேம் வந்துவிட்டதாக கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

இப்போது ஹோஸ்ட் 192.168.122.45 என்ற எண்ணுள்ள மெய்நிகர் கணினியை பிங் செய்கிறது. “192.168.122.45 யார்?” என்ற ஏ.ஆர்.பி. கேள்வி (ஐ.பி. எண்ணுக்கு உரிய கார்டின் மேக் முகவரியைக் கேட்பது) முதலில் எல்லோருக்கும் போகிறது. கெர்னலுக்குள்ளேயே ஸ்விட்ச் வேலை பார்க்கும் பிரிட்ஜ், அதை எல்லா டேப்களுக்கும் அனுப்புகிறது. மறுமுனையில் காத்திருக்கும் நிரல் அந்த ஃபிரேமை மெய்நிகர் கணினியின் நினைவகத்தில் நகலெடுத்து வைத்து, “கார்டுக்கு ஏதோ வந்திருக்கிறது” என்று ஒரு இன்டரப்ட் (கவனத்தைத் திருப்பும் சிக்னல்) கொடுக்கிறது. உள்ளே இருக்கும் இயங்குதளம் விழித்து, 52:54:00 என்று தொடங்கும் தன் மேக் முகவரியோடு பதில் எழுதுகிறது. பதில் திரும்பும் வழியில் பிரிட்ஜ், “இந்த மேக் இந்த டேப்பில் இருக்கிறது” என்று குறித்துக்கொள்கிறது. அந்த மேக்கிடமிருந்து 300 வினாடிகள் சத்தமே இல்லையென்றால் குறிப்பை அழித்துவிடும். செம்புக் கம்பியில் ஓடும் இதே ஏ.ஆர்.பி., மேக் விதிகள், வெறும் நினைவக நகல்களின் மேல் அப்படியே ஓடுகின்றன!

பொறியியல் கல்லூரிகள் இதைத்தான் லேபில் காட்ட வேண்டும் என்பேன். ஒரு லேப்டாப்பும் மூன்று மெய்நிகர் கணினிகளும் போதும், விலையுயர்ந்த ஸ்விட்ச் வாங்க நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிரிட்ஜ் முறையில் உங்கள் வைஃபையோடே நேராக இணைக்கலாமே என்றால், அதில் ஒரு சிக்கல். வைஃபை ரவுட்டர், தன்னிடம் பதிவு செய்த மேக்கிலிருந்து வரும் ஃபிரேமை மட்டுமே ஏற்கும். உள்ளிருக்கும் கணினியின் மேக் அதற்கு அந்நியம். விர்ச்சுவல்பாக்ஸ் மேக்கை மாற்றி எழுதிச் சமாளிக்கிறது. சாதாரண லினக்ஸ் பிரிட்ஜ் அதைச் செய்யாது.

அப்புறம், ஹோஸ்ட்-ஒன்லி போட்டும் பிங் வரவில்லையென்றால் உடனே ஃபயர்வால் எல்லாவற்றையும் அணைப்பது, திரும்ப இன்ஸ்டால் செய்வது என்று பரிகாரம் செய்யாதீர்கள். ஹோஸ்டின் ஏ.ஆர்.பி. அட்டவணையைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் கணினியின் மேக் அங்கே வந்திருந்தால் பாதை சரியாகவே இருக்கிறது. பிங்கை மறுப்பது உள்ளே இருக்கும் ஃபயர்வால்தான், விண்டோஸ் என்றால் பெரும்பாலும் அதுவேதான். பிங்குக்கான அந்த ஒரு விதியை மட்டும் திறந்துவிடுங்கள். மேக்கே வரவில்லையென்றால் அடாப்டர் அமைப்பைப் பாருங்கள்.