குளோன்: சொல் விளக்கம்

பழைய மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) பொருத்தித் தரச் சொன்னால், பழுதுபார்ப்பவர் முதலில் கேட்பது, “விண்டோஸ் புதுசா போடணுமா, இருக்கிறதையே குளோன் பண்ணணுமா?” என்பதுதான். இவ்விடத்தில் குளோன் என்பது, ஒரு சேமிப்பகம் பிரிக்கப்பட்டுள்ள பகுதிகள், கணினியைத் தொடக்கும் நிரல், இயங்குதளம், கோப்புகள் ஆகிய அனைத்தையும் அவற்றின் அமைப்பு குலையாமல் இன்னொரு சேமிப்பகத்தில் உருவாக்குவதைக் குறிக்கும்.

சொல்லின் பிறப்பிடம் தோட்டம். சுள்ளி, இளங்கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்து, விதையின்றிக் கிளை, கிழங்கு, ஒட்டு ஆகியவற்றின் வழியே பெருக்கப்படும் செடிகளின் கூட்டத்திற்குப் பெயராக 1903இல் முன்மொழிந்தவர், அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஹெர்பர்ட் வெப்பர். விலங்குகளுக்கும் மனிதருக்கும் அதை நீட்டிப் பேசியவர்களுள் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் முக்கியமானவர், 1996இல் பிறந்த டோலி என்ற செம்மறியாடு அச்சொல்லைச் செய்தித்தாள் வாசகர் எல்லோருக்கும் கொண்டு சேர்த்தது. கணினித் துறையில் அது முதலில் வழங்கியது வேறு பொருளில்: 1981இல் வந்த ஐபிஎம் பிசியைப் பார்த்துப் பிற நிறுவனங்கள் செய்த, அதே நிரல்களை இயக்கவல்ல கணினிகளைக் குளோன் என்றனர். நியூசிலாந்தில் உருவாகி 1998இல் சிமான்டெக் நிறுவனத்தின் கைக்குச் சென்ற கோஸ்ட், தைவானில் உருவான கட்டற்ற மென்பொருளான குளோன்ஜில்லா போன்ற கருவிகள் பரவியபின், சேமிப்பகத்தை அப்படியே பெயர்த்துவைக்கும் வேலைக்கே அப்பெயர் நிலைத்தது.

கோப்புகளை நகலெடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது. சி டிரைவில் உள்ள கோப்புறைகள் அனைத்தையும் தெரிவுசெய்து புதிய எஸ்எஸ்டியில் ஒட்டினாலும் கணினி அதிலிருந்து தொடங்காது. ஏனெனில் இன்றைய கணினிகளில் விண்டோஸைத் தொடக்கிவைக்கும் முதல் நிரல் இருப்பது சி டிரைவில் அன்று, கண்ணில் படாத இஎஃப்ஐ என்ற சிறு பகுதியில். இயங்கிக்கொண்டிருக்கும் முறைமை தன் கோப்புகள் சிலவற்றைப் பூட்டியே வைத்திருப்பதால் அவை நகலாவதுமில்லை. குளோன் கருவியோ கோப்புப் பெயர்களை நம்பாமல், சேமிப்பகத்தின் தொகுதிகளையே படித்து எழுதுகிறது.

இப்படி எதையும் மாற்றாமல் பெயர்த்துவைப்பது சிலசமயம் வேடிக்கையாகவும் முடியும். 256 ஜிபி சேமிப்பகத்தை 1 டிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து திறந்து பார்த்தால், சி டிரைவ் பழையபடியே, விண்டோஸ் கணக்கில் 237 ஜிபி அளவில்தான் நிற்கும். மீதி இடம் முழுவதும் வட்டு மேலாண்மைத் திரையில் ஒதுக்கப்படாத கருப்புப் பட்டையாகக் கிடக்கும். நடுவில் மீட்புப் பகுதி ஒன்று குறுக்கே இருந்தால், அதை நகர்த்தும்வரை சி டிரைவை நீட்டவும் முடியாது.

தமிழில் இதற்கு நகலாக்கம், படியாக்கம், படியெடுப்பு என்று பல சொற்கள் வழங்குகின்றன. நகல் அரபு வழி வந்த சொல். மூலத்தில் அதற்குப் பெயர்த்துக் கொண்டுபோதல் என்ற பொருளும் உண்டு என்பதால் இந்த வேலைக்குத் தற்செயலாகவே பொருந்துகிறது. ஆனால் கோப்பு நகலுக்கு அச்சொல் நிலைபெற்றுவிட்டபின் குளோனுக்கும் அதையே ஆள்வது, மேலே சொன்ன வேறுபாட்டை அழித்துவிடும். படியெடுத்தல் ஏட்டுச்சுவடி மரபில் வந்த சொல். படியெடுத்தவர்களால் பாடவேறுபாடுகள் பெருகின என்று ஒருவர் தடை சொல்லலாம். எனினும் மூல ஏட்டின் முழு அமைப்பையும் புதிய ஓலைக்கு மாற்றும் நோக்கம் இதில் தெளிவாக இருப்பதால், ‘சேமிப்பகப் படியெடுப்பு’ என்பதே என் தெரிவு. ‘வட்டுப் படியெடுப்பு’ என்றால் வட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு ஒவ்வாது. டிரைவ் என்பதற்கு ‘இயக்கி’ என்றால் சாதனத்தை இயக்கும் மென்பொருளோடு குழம்பும். வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கிய சொல் உழவர் வழக்கில் உண்டு: முருங்கையை வெட்டி நடும் கிளைக்குப் போத்து என்று பெயர். கணினிக் கலைச்சொல்லாக அதை இன்று கொண்டுவருவது வலிந்த முயற்சியாகவே இருக்கும்.

சேமிப்பகம் முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்துவைக்கும் படிமம் வேறு, படியெடுப்பு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படிமத்தை மீட்டெடுத்த பிறகே கணினி அதிலிருந்து இயங்கும், படியெடுத்த எஸ்எஸ்டியையோ நேரே பொருத்தி இயக்கலாம். சேமிப்பகத்தின் அடையாள எண் உட்பட எல்லாம் ஒன்றாக அமையும்படி படியெடுத்திருந்தால், பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் சேர்த்துப் பொருத்தும்போது விண்டோஸ் அவற்றுள் ஒன்றை இணைப்பற்ற நிலையில் நிறுத்திவிடக்கூடும். லினக்ஸில் எந்தப் பகுதியிலிருந்து முறைமை தொடங்கியது என்பதே குழம்பிப்போகலாம். ஆகவே முதல் முறை தொடக்கும்போது பழைய சேமிப்பகத்தைக் கழற்றிவைப்பது வழக்கம்.