கேம்பர்வேனில் லைன் ஏன் அறுந்துபோகிறது?

பட்டர்வொர்த்தில் கேம்பர்வேனை, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியைக் கிளப்பி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வரை போனால், வழி நெடுக கைப்பேசிக்கு லைன் பெரும்பாலும் கிடைக்கும். அதே வண்டியைக் கிரிக் பக்கம் திருப்பி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்தால், கைப்பேசி இடையிடையே ஊமையாகிவிடும். காட்டுக்குள் டவர் இல்லை, வேறென்ன என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது பாதிக் காரணம்தான். டவர் இருக்கும் இடத்திலும், திரையில் இரண்டு கோடு தெரியும்போதே வீடியோ அழைப்பு உறைந்து நிற்கிறதே!

இணையம் இருவழிப் பேச்சு. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் கைப்பேசியோ பெரும்பாலும் அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அறிவிப்பு நாலு தெரு தள்ளியும் கேட்கும். அங்கே நின்று நீங்கள் கத்தினால் அறிவிப்பவர் காதில் விழாது. திரையில் தெரியும் கோடுகள் டவரின் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். உங்கள் குரல் அங்கே போய்ச் சேர்கிறதா என்று அவை சொல்வதில்லை. டவரின் ஏற்பிகள் மிக நுட்பமானவை என்பதால் இந்த இடைவெளி ஓரளவு நிரம்புகிறது. ஆனால் தூரம் கூடும்போது முதலில் தளர்வது உங்கள் பக்கம்தான். ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கக்கூட கைப்பேசி கேள்வி அனுப்ப வேண்டும், வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் சொல்ல வேண்டும். அந்தச் சின்னச் சின்னப் பதில்கள் தொலைந்தால் எல்லாமே நின்றுவிடும்.

இதற்கு மேல் வண்டியின் உடல் வேறு. இரும்போ அலுமினியமோ ரேடியோ அலையை உள்ளே விடாது; அது ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். நம் ஊர் வெயிலுக்குக் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாளில் உலோகப் பூச்சு இருந்தால் அந்த வழியும் குறுகிவிடும். பொறியாளர்கள் இந்த இழப்பை டெசிபெலில் அளக்கிறார்கள். 3 டெசிபெல் போனால் சக்தி பாதியாகும், 10 போனால் பத்தில் ஒன்றாகும். டவர் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும், 0.2 வாட் குரல் தாங்காது. அதனால்தான் ஒதுக்குப்புறமான இடங்களில் கைப்பேசி முழுச் சக்தியில் கத்திக் கத்திச் சூடாகிறது, பேட்டரியும் மளமளவென்று இறங்குகிறது.

அலைவரிசைக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ், 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. முதலாவதன் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். அது மேட்டைச் சற்று வளைந்து தாண்டும், இலைகளுக்கு இடையேயும் ஓரளவு புகுந்துவரும். இரண்டாவது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது நிறையத் தரவு சுமக்கும், ஆனால் குன்றின் மறுபக்கம் எட்டாது. நகரத்தில் பறக்கும் இணையம் மலையடிவாரத்தில் தவழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோளாறு புரிந்துவிட்டால் தீர்வு எளிது: ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே வையுங்கள். சிம் கார்டு போடும் ரூட்டரை அதற்கு நேர் கீழே, கூரையை ஒட்டிப் பொருத்துங்கள். கேபிளின் நீளத்தில் பலர் கவனம் வைப்பதில்லை. மெல்லிய கேபிள் ஐந்து மீட்டர் ஓடினால் 3500 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கும் மேல் சக்தி அதிலேயே கரைந்துவிடும். விலையுயர்ந்த ஆன்டெனாவை நீளக் கேபிளில் மாட்டுவதைவிட, சாதாரண ஆன்டெனாவைக் குட்டைக் கேபிளில் மாட்டுவதே மேல் என்பேன். இரண்டு ஆன்டெனா வைத்தால் இன்னும் நல்லது. மலையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பும் அலைகளைப் பயன்படுத்தி, ஒரே அலைவரிசையில் இரண்டு தரவு ஓடைகளைப் பிரித்தெடுக்க முடியும். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் பெட்டிகளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அவை இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி டவரைக் குழப்பிவிடுகின்றன. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் அழைப்பும் கெட்டுப்போகும். அனுமதி பெறாத பூஸ்டர் இங்கே சட்டவிரோதமும்கூட.

வண்டி வேகமாகப் போவதால்தான் லைன் அறுகிறது என்பார்கள். ஆனால் மணிக்கு 110 கிலோமீட்டரில் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை டாப்ளர் விளைவால், அதாவது வண்டியின் ஓட்டத்தால், நகர்வது 360 ஹெர்ட்ஸ் அளவே. அந்த அலைவரிசையில் 5ஜியின் தரவைச் சுமக்கும் துணை அலைகளுக்கு இடையே 30,000 ஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. ஆகவே வேகம் ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கைமாற்றத்தில் இருக்கிறது. ஓடும் வண்டியில் கைப்பேசி அக்கம்பக்கத்து டவர்களை அளந்துகொண்டே இருக்கும். வேறொன்று வலுவாகத் தெரிந்தால் இப்போதைய டவருக்கு அறிக்கை அனுப்பும். மாறும்படி கட்டளையிடுவது டவர். அந்த அறிக்கை போய்ச் சேராவிட்டால் கட்டளை வராது, தொடர்பு அறுந்துவிடும். மீண்டும் தேடிச் சேர வேண்டும். இங்கும் குற்றவாளி அதே பலவீனமான குரல்தான்.

கூரை ஆன்டெனாவால் தீராத இடமும் உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால் முழுக் கோடும் தெரியும், படம் ஒன்று போகாது. ஒரு டவரின் அலைவரிசையை அத்தனை பேரும் கூறுபோட்டுக்கொள்கிறார்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று கையில் இருந்தால் கொஞ்சம் உதவும்.

டவரே இல்லாத காட்டுக்குச் செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் இருக்கிறது. 2023 முதல் மலேசியாவில் கிடைக்கிறது. பூமியோடு சேர்ந்தே சுழலும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு நெருங்கிவிடும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 500 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் தெரிவதே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பூமத்திய ரேகைக்கு 43 அல்லது 53 பாகை சாய்ந்த பாதைகளில் ஓடுகின்றன. அந்த அட்சரேகைகளை ஒட்டி நெருக்கமாகவும், நம் தலைக்கு மேல் சற்றுக் கலைந்தும் இருக்கும். அதனால் திறந்த வானம் நமக்குக் கூடுதலாகத் தேவை. பெலும் காட்டு மரங்களின் அடியில் நிறுத்தினால் தொடர்பு விட்டுவிட்டு வரும். மாலை இடிமழையில் இன்னும் மோசமாகும். ஸ்டார்லிங்கின் உயர் அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடிக்கும்.

மின்சாரத்தையும் கணக்குப் பாருங்கள். வழக்கமான ஸ்டார்லிங்க் தட்டு ஆன்டெனா, மாதிரியைப் பொறுத்து, 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். 60 என்று வைத்தால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 50 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது அவ்வளவுதான். படுக்கும்போது தட்டை அணைத்துவிடுங்கள். சிம் ரூட்டர் மட்டும் ஓடட்டும், அதற்குப் பத்து வாட் போதும்.