கூரையைக் கேட்கிறீர்கள், தரையைப் பார்த்தீர்களா?

கூரை மாற்றக் கேட்டு போன வாரம் வந்தது இந்த வருடத்தில் நாலாவது வண்டி. பழைய சாஃப்ட் டாப் ஜீப், அதாவது கேன்வாஸ் துணிக் கூரை. உச்சிப்புளிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வளைகுடாவில் சம்பாதித்த காசில் வாங்கியது. பெயிண்ட் புதுசு, டயர் புதுசு, முன்னால் வரிசையாக நாலு லைட்டு. இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இதுக்கு ஹார்ட் டாப் போட்டா சேஃப்தானே? வீட்ல பயப்படுறாங்க."

பதில் சொல்லாமல் பின்பக்க ரப்பர் பாயைத் தூக்கினேன். அடியில் ஈரமணல். கையால் ஒதுக்கிவிட்டு, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற இரும்புக் குழாயான ரோல் பாரின் கால் பதிந்திருந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியே என் ஷெட்டுத் தரை தெரிந்தது.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அடுத்து என்ன கேட்டார் தெரியுமா? "அது கிடக்கட்டும்ணே, டாப் எத்தனை நாள்ல மாட்டலாம்?"

ராமநாதபுரத்தில் டிங்கரிங் ஷெட் வைத்து இருபது வருடம் ஓடிவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்களுக்குப் போனில் அனுப்பிவிடலாம்.

முதலில் இந்த 'சேஃப்' விஷயம். ஹார்ட் டாப் என்பது மூடி. ஃபைபரில் வார்த்த மூடி, இல்லையென்றால் தகரத்தில் அடித்த மூடி. அதற்குள் தூண் இல்லை. வண்டி மணல்மேட்டில் சரிந்து கவிழ்ந்தால் ஒன்றரை டன், இரண்டு டன் எடை முழுக்கக் கூரைமேல் உட்காரும். அதைத் தாங்க வேண்டியது உள்ளே கூண்டு போல நிற்கிற ரோல் கேஜ் குழாய்கள். மூடி அல்ல. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது, தட்டினால் சத்தம் வருகிறது என்பதற்காக அது தாங்கிவிடாது. பனைமரத்தடியில் குடை பிடித்து நிற்கிறீர்கள். தூறல் மேலே படாது, சரி. பனங்காய் விழுந்தால் குடை என்ன செய்யும்?

இதையே எத்தனை விதமாகச் சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது. "மேல கெட்டியா இருக்குல்ல" என்று பெல்ட் போடாமல் ஓட்டுகிறார்கள். பின்னால் நீளவாட்டில் எதிரெதிர் பெஞ்சு போட்ட வண்டியில் ஆறு பேரை ஏற்றுகிறார்கள். கவிழும்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் கூரை கிழிவதோ நசுங்குவதோ அல்ல. ஆள் இருக்கையிலிருந்து பெயர்ந்து வெளியே எறியப்படுவதும், பாதி வெளியே வந்து வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்வதும்தான். அதை நிறுத்துவது பெல்ட் ஒன்றுதான். கேன்வாஸ் வண்டியில் பெல்ட் போட்டு, நல்ல கேஜுக்குள் உட்கார்ந்தவர், ஃபைபர் டாப்புக்குள் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்தவரைவிடப் பத்திரம்.

இன்னொன்று. கூரையில் எடை கூடினால் வண்டி சீக்கிரம் சரியும். தகர டாப், அதன்மேல் கேரியர், கேரியரில் ஸ்பேர் வீல், தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி. பாதுகாப்புக்கென்று போட்டதே கவிழ்வதற்குக் காரணமாகும். சரிவில் பக்கவாட்டாக ஓட்டுகிற ஆசை இருந்தால் அந்தக் கேரியரை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மஹிந்திராவின் புதிய தார் ஜீப் வைத்திருப்பவர்கள், "எங்க வண்டி நாலு நட்சத்திரம்" என்பார்கள். வண்டிகளை மோத வைத்து மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் அமைப்பு நாலு நட்சத்திரம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தச் சோதனையில் வண்டியை 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாக மோத வைத்தார்கள். கவிழ்த்துப் பார்க்கவில்லை. அந்த வண்டியில் உண்மையிலேயே நல்ல விஷயம், சாஃப்ட் டாப் வாங்கினாலும் ஹார்ட் டாப் வாங்கினாலும் ரோல் கேஜ் உள்ளேயே கட்டி வந்தது. கவலையெல்லாம் பழைய ஜீப்புகளைப் பற்றித்தான். அவற்றில் குழாயை யாரோ ஒரு ஷெட்டில் பிறகு வைத்திருப்பார்கள், தரைத் தகட்டில் நாலு போல்ட்டு போட்டு. தகடு போனால் கேஜ் இல்லை. பீரோவைப் பாயில் ஆணியடித்து நிறுத்திய கதைதான்.

ஆகவே தரைக்கு வருவோம்.

நம் ஊர்க்காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. தனுஷ்கோடியில் ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் மன்னார் வளைகுடா உப்பு, வடக்கிலிருந்து வாடை அடித்தால் பாக் நீரிணை உப்பு. வண்டிக்கு ஓய்வே கிடையாது. 1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதே வருடம் முழுக்க வேலையாக இருந்தது. அந்தப் பாலத்திலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். உங்கள் ஜீப்பின் தரைத் தகடு பாலத்து கர்டர் கனமா?

ஹார்ட் டாப் போட்டால் உப்புக்காற்று உள்ளே வராது, துருவும் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் பார்த்தவரை நடப்பது நேர்மாறு. தண்ணீர் மேலே இருந்து மட்டுமா வருகிறது? கடற்கரையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறுகிறீர்கள். காலில் மணல், பையில் மீன், ஐஸ் பெட்டி ஒழுகுகிறது. அப்புறம் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வெயிலில் நிறுத்துகிறீர்கள். உள்ளே இட்லிப் பானை. ஈரம் வெளியே போக வழியில்லை. பாய்க்கு அடியில் உப்பு மணல் வாரக்கணக்கில் காயாமல் கிடந்து, யாருக்கும் தெரியாமல் தகட்டைத் தின்கிறது. கேன்வாஸ் ஒழுகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒழுகுகிற இடம் கண்ணுக்குத் தெரியும், திறந்துவிட்டால் அரை நாளில் காய்ந்தும்விடும். 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறப்பதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஆள் ஏற்றி ஓட்டியவர்களின் வண்டிகளுக்கும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் தரையில் பாயே போட மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் சொன்னது: "போட்டா உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதுல்ல."

டாப் மாட்டத் துளை போடுகிறார்களே, அது அடுத்த பிரச்சினை. துளையிட்ட விளிம்பு பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பு. அதில் பிரைமர் வைக்காமல் "துருப்பிடிக்காத" ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முடுக்கிவிட்டுப் போகிறார்கள். போல்ட்டு பளபளவென்று அப்படியே இருக்கும். அதைச் சுற்றியுள்ள தகடு முதல் மழைக்காலத்திலேயே செந்நிறமாக வழியும். துளைக்கு ஜிங்க் பிரைமர், நடுவில் நைலான் வாஷர், மேலே சீலன்ட். பத்து நிமிட வேலை இது. மாட்டுகிறவர் செய்யவில்லை என்றால் நின்று செய்ய வையுங்கள், வெட்கப்படாதீர்கள்.

சரி, கேன்வாஸ் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. நம் வெயிலில் பின்பக்கத்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளித்து, மடிக்கும் இடத்தில் வெடிக்கும். மணலோடு சுருட்டினால் கீறல் விழுந்து இரவில் எதிரே வருகிற லைட்டு சிதறும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை. இரும்பு ஜிப் ஒரே சீசனில் இறுகிவிடும், பிளாஸ்டிக் ஜிப் கேட்டு வாங்கி மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள். சாயல்குடி, கடலாடிப் பக்கம் உள்பாதையில் போகிறவர்களுக்குச் சீமைக்கருவேலம் போதும், ஒரே இழுப்பில் பக்கத்துணி கிழிந்துவிடும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிற ஆளாக இருந்தால், துணிக்கு ஒரு பிளேடு போதும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எதைத்தான் வாங்குவது என்று கேட்டால் என் கணக்கு இது. தினமும் ஓட்டுகிற வண்டி, குழந்தைகள் உண்டு, சாமான் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்தே ஹார்ட் டாப்போடு வருகிற வண்டியை வாங்குங்கள். அதுவும் பாயை வாரம் ஒருமுறை தூக்கிக் காயப்போடத் தயாராக இருந்தால். நிழலான கொட்டகை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டிதான் என்றால் சாஃப்ட் டாப் தாராளமாகப் போதும். துணி டாப்போடு பதிவான பழைய வண்டிக்கு வெளியே செய்த டாப்பை மாட்டுவதில்தான் எனக்கு மனம் ஒப்புவதில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேளுங்கள். "எல்லாரும் போட்டிருக்காங்க" என்பது விபத்துக்குப் பிறகு செல்லாது.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைக்குப் போய் வந்ததும் ஒழுங்காக வாட்டர் சர்வீஸ் விடுகிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில்? போர்வெல் தண்ணீரில்! வாயில் வைக்க முடியாத உவர்நீரை அடியில் பீய்ச்சிவிட்டு உப்பைக் கழுவினேன் என்றால் நான் என்ன சொல்ல? குடிதண்ணீர் அரிதான ஊர்தான், தெரியும். முழு வண்டிக்கும் வேண்டாம், அடிப்பக்கம், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸின் மூலை, தரை இதற்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். புதிய தாரில் தரையில் வடிகால் அடைப்பான் இருக்கிறது, கழுவியதும் திறந்துவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிப்பதை விட்டுவிடுங்கள், ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிப் போகிறது. துருவின் மேலேயே கறுப்புக் கோட்டிங் அடித்து மூடுவது அதைவிட மோசம். உள்ளே இருப்பதை நானே பார்க்க முடியாமல் போகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது தொழிலுக்கு வெளியே. தனுஷ்கோடி மணலில் ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட ஏறும். டயர் அழுத்திய மணலுக்கு அடியில் முட்டை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாலை இருக்கிறது, அதில் போங்கள்.

உச்சிப்புளித் தம்பியின் வண்டி இன்னும் இங்கேதான் நிற்கிறது. தரையை முழுதாக வெட்டி எடுத்தாயிற்று, கேஜின் நாலு காலுக்கும் அடியில் கனமான பிளேட் வைத்து சேஸிஸோடு பிடிக்க வேண்டும். அவர் வாங்கி வந்த ஃபைபர் டாப் சுவரில் சாய்ந்திருக்கிறது. தினமும் போன் செய்கிறார், டாப்பைப் பற்றி.

நீங்கள் வண்டி காட்ட வருவதாக இருந்தால் தயவுசெய்து கழுவிப் பளபளப்பாக்கிக்கொண்டு வர வேண்டாம். பாயோடும் மணலோடும் அப்படியே வாருங்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்கியிருக்கிறது என்பது அந்த அழுக்கில்தான் தெரியும்.