ஐ.பி. கொடுத்தவருக்குக் கடன், வேலை, வாடகை வீடு கிடைக்குமா?

‘ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு) கொடுத்துட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி நீட்டிட்டார்’ என்றெல்லாம் ஊர் சொல்வது சட்டத்தின் கணக்கில் திவால். சென்னை நகரத்தில் தனிநபர் திவாலுக்கு இன்றும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம்தான்; மனு போட வேண்டிய இடம் உயர் நீதிமன்றம். திவால் என்று அறிவித்ததும் சொத்து, திவாலானவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரியான அஃபிஷியல் அசைனி பொறுப்புக்குப் போய்விடும். துணிமணி, படுக்கை, சமையல் பாத்திரம், தொழில் கருவி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்புக்கு விலக்கு உண்டு. ஆம், 1909-இன் 300 ரூபாய்!

பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. அப்புறம் ‘டிஸ்சார்ஜ்’ எனும், கடனிலிருந்து விடுவிக்கும் உத்தரவுக்கும் மனு போட வேண்டும். அது கிடைக்காதவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை சிறைக்குப் போகலாம். கம்பெனி இயக்குநராகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க முடியாது. உத்தரவு வந்தால் இந்தத் தடைகள் விலகும். ஆனால் அரசுக்குத் தர வேண்டிய பாக்கியும் மோசடி செய்து வாங்கிய கடனும் அப்படியே நிற்கும். உங்களுக்கு ஜாமீன் போட்ட மச்சானும் தப்ப முடியாது.

வேலையில் கறாரானது வங்கிதான். எப்போதாவது திவாலானவராக அறிவிக்கப்பட்டவரை வங்கி வேலையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். இங்கே டிஸ்சார்ஜும் கைகொடுக்காது. அரசு ஊழியர்களுக்கோ, கடனில் மூழ்காமல் நடந்துகொள்வதே நடத்தை விதிகளில் ஒன்று.

சரி, புதுக் கடன்? நீதிமன்றம் விடுவித்தாலும் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்கள் பழைய விவரத்தைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை அங்கே இலவசமாகப் பார்க்கலாம். தீர்ந்த கடன் இன்னும் பாக்கி என்றே இருந்தால், உத்தரவின் சான்றிட்ட நகலோடு புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

வாடகை வீட்டுக்குச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். நம் ஊர் வீட்டுக்காரர்கள் நீதிமன்ற ஆவணத்தைத் தேடிப் போவதில்லை; எங்கே வேலை, எத்தனை பேர், அசைவம் சாப்பிடுவீர்களா என்பதுதான் அவர்கள் கேள்வி.